விடிந்தால் காலியாகும் சூப்

பெரார்கஞ்ச் பக்கத்திலிருந்து வந்து ஸ்ரீவிஜயபுரத்தில் கப்பலேறி, மூன்று நான்கு நாள் கடல் கடந்து கொல்கத்தாவில் இறங்கும் தமிழர்களுக்கு ஒரு யோசனை: மறுநாள் காலை ஆறு மணிக்கே டிரெட்டி பஜாருக்குப் போய்விடுங்கள். எட்டு மணிக்கு மேல் பாத்திரம் காலி.

லால்பஜார் காவல் தலைமையகத்திலிருந்து கூப்பிடு தூரம். நடைபாதையில் ஆவி பறக்கும் மீன் உருண்டை சூப். நம் இட்லியைப் போல ஆவியில் வெந்த, உள்ளே பன்றிக்கறி வைத்த பாவ். சைவர்கள் டீயோடு திரும்ப வேண்டியதுதான். தள்ளுவண்டி கோபி மஞ்சூரியனின் ருசியை இங்கே தேடாதீர்கள். அதற்கும் மஞ்சூரியாவுக்குமே சம்பந்தம் கிடையாது. இது ஹக்கா, கான்டனீஸ் வீட்டுச் சமையல்.

கான்டனீஸ்காரர்கள் தச்சுவேலைக்குப் பேர்போனவர்கள். ஹக்காக்கள் தாங்ராவில் தோல் பதனிட்டார்கள். தோல் தொழிற்சாலைகளை நகருக்கு வெளியே மாற்றும்படி 1996இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, தாங்ராவுக்கு ஓட்டல்களே பிழைப்பு.

அதற்கு முன்பே பெரிய அடி விழுந்திருந்தது. 1962 போரின்போது, சீன வம்சாவளியினர் சுமார் 3,000 பேரை அரசு ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தது. குழந்தைகளும் கிழவர்களும் அதில் உண்டு. விடுதலையானவர்களில் பலர் நாட்டை விட்டே போனார்கள். அடுத்த தலைமுறை கனடாவுக்கு விமானம் ஏறியது. டிரெட்டி பஜாரில் இன்று கரண்டி பிடிப்பவர்களில் பலர் சீனர்கள் அல்லர். ஞாயிற்றுக்கிழமை போனால் கடைகள் சற்றுக் கூடுதலாக இருக்கும்.