தகரக் கொட்டகைக்கு ஒரு ஸ்வெட்டர்

ஒஹையோ கிராமப் பக்கம் வீடு வாங்கினா பல சமயம் கூடவே ஒரு போல் பார்னும் வந்து சேரும். பேரைக் கேட்டு மிரள வேண்டாம், நம்மூர் கொட்டகைதான். தனியா அஸ்திவாரம் கிடையாது. எட்டு அடிக்கு ஒரு மரக்கம்பம் மண்ணுல நட்டு, குறுக்குச் சட்டம் அடிச்சு, மேலயும் சுத்தியும் தகரத்தைப் போர்த்தின சமாச்சாரம். எங்களோடது 30க்கு 40 அடி. அதுல தச்சு வேலை பழகணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை.

முதல் குளிர்காலத்துலயே அதிசயம். வெளிய மழை இல்லை, உள்ள சொட்டுது! தெளிவான ராத்திரியில கூரைத் தகரம் தன் சூட்டை வானத்துக்குக் கதிர்வீச்சா விட்டுட்டு, சுத்தியிருக்கிற காத்தை விடவும் ஜில்லுனு ஆயிடும். உள்ள இருக்கிற ஈரக்காத்து அதுல பட்டா தண்ணி. ஐஸ் தண்ணி ஊத்தின சொம்பு வேர்க்குமே, அதே கதை. அந்த வேர்வை விழுந்தது என் மரம் அறுக்குற மெஷினோட வார்ப்பிரும்பு மேடை மேல. ஒரே வாரத்துல துரு.

ஸ்ப்ரே ஃபோம் அடிக்கிறவரைக் கூப்பிட்டேன். அவர் சொன்ன தொகைக்கு ஒரு பழைய கார் வாங்கலாம். சரி, நாமளே பண்ணுவோம்னு இறங்கியாச்சு.

இன்சுலேஷன்னாலே எல்லாரும் ஆர் வேல்யூ பேசுறாங்க. ஃபைபர் கிளாஸ் இஞ்சுக்கு 3 சொச்சம், வெள்ளை தெர்மகோல் 4 கிட்ட, எக்ஸ்பிஎஸ் 5. என்னைக் கேட்டா அது ரெண்டாவது விஷயம். ஈரக்காத்து தகரத்தைத் தொடாம இருக்கணும், அதுதான் முதல் விஷயம். கண்ணாடிப் பஞ்சை மட்டும் திணிச்சு வச்சா காத்து அதுக்குள்ள புகுந்து போய் தகரத்துல தண்ணியாகி, பஞ்சையே நனைச்சிடும். நனைஞ்ச பஞ்சால என்ன பிரயோஜனம்? (பளபளன்னு விக்கிற பபிள் ஃபாயில் சுருளை நம்பாதீங்க. முன்னாடி காத்து இடைவெளி விடலைன்னா அதோட ஆர் வேல்யூ 1 பக்கம்தான்.)

செலவைக் குறைச்சது ரெண்டு முடிவு. ஒண்ணு, 1200 சதுர அடியையும் சூடாக்கல. மூலையில 12க்கு 16 அடியில ஒரு ரூம் தடுத்தோம். மத்த இடத்துல சொட்டினா சொட்டட்டும், அங்க புல்வெட்டுற வண்டிதான் நிக்குது. ரெண்டு, பெரிய கட்டடக் கூரையைப் பிரிக்கும்போது கழட்டுற பழைய பாலிஐசோ பலகை. புதுசை விட ரொம்ப மலிவு. ஒவ்வொண்ணையும் தூக்கிப் பார்த்து வாங்கணும். கனமா இருந்தா உள்ள தண்ணி குடிச்சிருக்குன்னு அர்த்தம்.

தங்கமணி பலகையைப் பிடிக்க நான் வெட்டி வச்சேன். இணைப்புக்கெல்லாம் டேப், சந்துக்கெல்லாம் டப்பா ஃபோம். அலுப்பான வேலை, ஆனா மொத்த பலனும் இங்கதான் இருக்கு. ரூமோட கூரைக்குத் தனியா சட்டம் போட்டோம். பார்னோட ட்ரஸ்ல தொங்க விடல, நிறைய ட்ரஸ் கூரையையும் பனியையும் மட்டும் தாங்கத்தான் கணக்குப் போட்டுச் செஞ்சது.

தரைக்கு ஒரு சோதனை: பிளாஸ்டிக் தாளை கான்கிரீட்ல நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்க. அடியில முத்து முத்தா தண்ணி நின்னா ஈரம் மண்ணுலேர்ந்து ஏறுது. எங்களுக்கு நின்னுச்சு, பெயிண்டுக்கு முன்னாடி சீலர் அடிச்சோம்.

ஒரே ஒரு இடத்துல கஞ்சத்தனம் கூடவே கூடாது. ஃபோமைத் திறந்தபடி விட்டா தீப்பிடிச்சு விஷப்புகை கக்கும். மரத்தூள் பறக்குற ரூம் வேற! மேல அரை இஞ்ச் ஜிப்சம் பலகை அடிச்சே ஆகணும்னு நான் ஒத்தக் கால்ல நின்னேன். புகைபோக்கி இல்லாத புரொப்பேன் ஹீட்டரும் வேண்டாம். ஒரு காலன் எரிஞ்சா முக்கால் காலனுக்கு மேல தண்ணி ஆவியா வரும், கூடவே கார்பன் மோனாக்சைடு பயம்.

இப்ப 1500 வாட் கரண்ட் ஹீட்டர் ஒண்ணு போதுது. மேடையில துரு இல்லை. கதவுதான் பாக்கி, அடியில அரை இஞ்ச் சந்து, காத்து விசிலடிக்குது. சனிக்கிழமை ஒரு ரப்பர் பட்டை வாங்கிட்டு வரணும் :)