உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு ஒரு மீன் வேட்டை!

ஏரியின் மேல் நடக்க ஆரம்பித்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. காலுக்குக் கீழே 'டொம்' என்று ஒரு சத்தம். அப்படியே நின்றுவிட்டேன். "ஐஸ் விரியுற சத்தம்தாம்மா, வா" என்றார் சித்தப்பா. அவருக்கென்ன, கனடா வந்து 20 வருஷம் ஆகிறது!

டொரன்டோவிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் சிம்கோ ஏரி. 700 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரப்பு. நல்ல குளிர்காலத்தில் அதன் மேல் சின்னச் சின்னக் குடில்களாக ஒரு ஊரே முளைத்துவிடுகிறது. அதில் ஒரு குடிலை நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்தோம். என்னைப் போல வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு மீன்பிடிக்க ஒரு நாள் லைசென்ஸ் கிடைக்கிறது.

குடில்காரர் முன்னால் நடந்தார். கையில் கடப்பாரை மாதிரி ஒன்று. நாலு அடிக்கு ஒருமுறை ஐஸைக் குத்திப் பார்த்தார். கண்ணாடி மாதிரி தெளிவான ஐஸ் என்றால் 4 அங்குலம் இருந்தால் நடக்கலாமாம். பால் மாதிரி வெளுத்த ஐஸுக்கு அதைப்போல இரண்டு மடங்கு வேண்டும். ஆறு வந்து சேரும் பக்கம் மட்டும் போகவே கூடாது. ஓடும் தண்ணீர் அடியில் ஐஸை அரித்துவிடும். எங்கள் கழுத்தில் மரப்பிடி போட்ட இரண்டு குத்தூசிகளை மாட்டிவிட்டார். உள்ளே விழுந்தால் ஐஸில் குத்திப் பிடித்து மேலே ஏறத்தான். சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

திருகு மாதிரி இருக்கும் கருவியால் ஒரு நிமிடத்தில் ஓட்டை போட்டாயிற்று. தூண்டில் கழி என் கை நீளம்தான். கீழே 25 அடி ஆழம். சித்தப்பா கடையில் ஆசையாக வாங்கிவந்த பளபள ஜிக்கை இறக்கினார். ஜிக் என்பது உலோகத் தலையும் முள்ளும் ஒன்றாக இருக்கும் தூண்டில். சித்தப்பாவுடையது என் சுண்டுவிரல் நீளம். இரண்டு மணி நேரம் ஒன்றுமே இல்லை. எனக்குக் கால்விரல் மரத்ததுதான் மிச்சம்.

குடில்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்றை நீட்டினார். டங்ஸ்டன் ஜிக். ஐஸுக்கு அடியில், ஏரியின் தரையில் தண்ணீர் 4 டிகிரி அளவில் இருக்கும். அந்தக் குளிரில் மீனுக்குச் செரிமானமே மந்தம். பெரிய இரையைத் துரத்தாது. வாய்க்கு அருகில் சின்னதாக எது ஆடினாலும் உறிஞ்சிப் பார்க்கும். ஆனால், சின்ன தூண்டில் கனமில்லாமல் இருந்தால் ஆழத்துக்குப் போய்ச் சேராதே? அதற்குத்தான் டங்ஸ்டன். ஈயத்தைவிட அடர்த்தி ஒன்றரை மடங்குக்கும் மேல். சின்னதாகவும் இருக்கும், சட்டென்று இறங்கவும் செய்யும். விலைதான் அதிகம்.

ஈயத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அறுந்து விழும் ஈயத்தை விழுங்கி லூன் என்ற நீர்ப்பறவைகள் சாகின்றன. கனடாவின் தேசியப் பூங்காக்களில் 1997-லிருந்தே சின்ன ஈயக்குண்டு, ஈய ஜிக் எல்லாவற்றுக்கும் தடை.

"ஆட்டாதே. ஒரு அங்குலம் தூக்கு, நிறுத்து" என்றார் குடில்காரர். மூன்றாவது நிறுத்தத்தில் கழி நுனி லேசாக வளைந்தது. உள்ளங்கை நீளத்தில் மஞ்சள் பெர்ச்!

மதியத்துக்குள் வாளியில் ஏழு. வீட்டுக்கு வந்ததும் சித்தி மிளகாய்த்தூளும் மஞ்சளும் தடவிப் பொரித்துவிட்டார். முள் குறைவு, லேசான தித்திப்பு. சித்தப்பாவின் பளபள ஜிக் இப்போது அவர் கார் சாவியில் தொங்குகிறது, முள்ளை மட்டும் வெட்டிவிட்டு.