செஞ்சியின் பாரசீகக் கற்கள்

செஞ்சி என்றதும் நம் மக்கள் நினைவுக்கு வருவது தேசிங்கு ராஜன் கதை. அக்கதையில் நமக்கும் பங்குண்டு. மணக்கோலத்திலிருந்து எழுந்து சென்று, நண்பனுக்காகக் களத்தில் உயிர் துறந்தவனாகப் பாட்டு புகழும் மஹபத்கான் ஒரு முஸ்லிம் அல்லவா? 1714இல் தேசிங்கை வென்ற ஆர்க்காட்டு நவாப் சஆதத்துல்லா கானும் முஸ்லிமே. தோற்ற தரப்பின் துயரைத் தமிழ்ப் பாட்டு காத்தது. வென்ற தரப்பின் செய்தியைப் பாரசீகக் கல் தாங்கி நிற்கிறது.

கீழ்க்கோட்டையில் நவாபின் பெயரால் வழங்கும் பள்ளிவாசல் 1717-18இல் எழுந்தது. அதன் பாரசீக எழுத்துகளைக் காண ஆலிம் நண்பர் ஒருவருடன் சென்றிருந்தோம். கோட்டையைக் காண வந்தவர்கள் மலையேறும் அவசரத்தில் அவ்வழியே கடந்து கொண்டிருந்தனர். நின்று படித்தவர் எவரையும் நாம் காணவில்லை.

கட்டிய ஆண்டை ஏன் '1717-18' என இரண்டாகக் குறிக்கிறார்கள் என்று நண்பரிடம் கேட்டோம். ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டை விட ஏறத்தாழ 11 நாள் குறைந்தது. ஆகவே அது பெரும்பாலும் இரண்டு ஆங்கில ஆண்டுகளில் கால் வைக்கும். சான்றாக, ஹிஜ்ரி 1130, 1717 டிசம்பரில் பிறந்து 1718 நவம்பரில் முடிந்தது. வேறு பல பாரசீகக் கல்வெட்டுகளில் ஆண்டு எண்ணாகவே இராது; ஒரு சொற்றொடருக்குள் ஒளிந்திருக்கும். அலிஃபுக்கு 1, பேக்கு 2, ஜீமுக்கு 3 என்று எழுத்துகளின் மதிப்பைக் கூட்டினால் ஆண்டு வெளிப்படும். பிஸ்மில்லாஹ்வை 786 என்று நம் பெரியோர் கடிதத் தலைப்பில் எழுதியதும் இக்கணக்கின்படியே.

கல்லைப் படியெடுப்பதும் ஒரு கலை. ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டிப் படிய வைத்து, மை ஒற்றுவார்கள். தமிழ்க் கல்வெட்டில் எழுத்து குழிந்திருப்பதால் வெள்ளையாகத் தெரியும். பாரசீகக் கல்லில் பெரும்பாலும் எழுத்து புடைத்து நிற்பதால் கறுப்பாகத் தெரியும். பிறகு இடம், அளவு, எழுத்து வகை, ஆண்டு, வாசகம், இன்றைய நிலை ஆகியவற்றை வரிசையாகக் குறிக்க வேண்டும். இத்தகைய கல்வெட்டுகளுக்கென்றே 'எபிகிராஃபியா இண்டோ-மொஸ்லமிகா' என்னும் வெளியீடு 1907-08இலேயே தொடங்கிற்று. இந்தியத் தொல்லியல் துறையின் அரபு-பாரசீகக் கல்வெட்டுப் பிரிவு நாகபுரியில் இயங்குகிறது.

ஐரோப்பியர் தம் பேராலயங்களின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களை இரண்டாம் உலகப் போரின்போது கழற்றிப் பாதுகாத்தனர். மீண்டும் பொருத்தும் வேளையில் அவற்றை அருகிருந்து ஆராயும் வாய்ப்புக் கிட்டிற்று. 1952இல் பல நாட்டு அறிஞர்கள் கூடி, இடைக்காலக் கண்ணாடிகளைப் பட்டியலிடும் பெரும்பணியைத் தொடங்கினர். அது இன்றும் நடைபெறுகிறது. ஆபத்து வந்தபோதுதான் அவர்களும் விழித்தனர்.

நம் ஆபத்து குண்டுவீச்சன்று, வெள்ளையடிப்பு. நாம் அறிந்த ஓர் ஊரில் பள்ளிவாசலைப் புதுப்பித்தபோது, வாசல் நிலைக்கு மேலிருந்த கல்லின்மீது ஆண்டுதோறும் பூசிய சுண்ணாம்பு போதாதென்று எண்ணெய் வண்ணமும் ஏறியது. அதைப் படிக்க வல்ல முதியவர் மௌத்தாகி விட்டார். பள்ளியைக் கட்டியவர் யார் என்பதில் இன்று அவ்வூரார் இரண்டு கட்சி.

செஞ்சிக்கு அந்த அச்சம் குறைவு. 2025இல் மராட்டியப் படைத்தளக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சி. காவலற்றவை நம் மஹல்லாக்களில் உள்ள வாசற்கற்களும் கபுருஸ்தானின் மீஸான் கற்களுமே. அவற்றுக்கு நாமே காவலர். முத்தவல்லிமார்கள் ஒரு குறிப்பேடு திறக்கட்டும். பிள்ளைகள் அளவெடுத்துப் படம்பிடிக்கட்டும். ஆலிம்கள் வாசித்துச் சொல்லட்டும். வண்ணம் பூசுவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுவோம்.