ஆகஸ்டு 9

சென்ற ஆண்டு ஆகஸ்டு 9 அன்று காலைத் திருப்பலிக்குக் கருத்துக் கொடுப்பதற்காக முந்தின நாள் மாலையே பங்குக் கோயிலுக்குச் சென்றிருந்தோம். உபதேசியார் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "யாருடைய ஆன்ம இளைப்பாற்றிக்கு ஐயா? பெயரைச் சொல்லுங்கள்" என்றார். எம்மிடம் பெயர் இல்லை. "சயாம் ரயில்பாதையில் இறந்த ஒரு தோட்டத் தொழிலாளி என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்றோம். அவர் எழுதுவதை நிறுத்தி எம்மை ஏறிட்டுப் பார்த்தார். "உறவினரா ஐயா?" "உறவில்லை, நாம் கடன்பட்டிருக்கிறோம்" என்றோம். அந்தக் கடன் எப்படி வந்தது என்பதை இங்கே சொல்லிவிட விரும்புகிறோம்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நாம் பள்ளியில் வரலாறு கற்பித்தோம். இரண்டாம் உலகப்போர் பாடம் வந்தால் கரும்பலகையின் நடுவே ஒரு கோடு இழுப்போம். இடப்பக்கத்தில் 'மக்களாட்சி நாடுகள்' என்று தலைப்பிட்டு, பிரிட்டன், பிரான்சு, அமெரிக்கா என எழுதுவோம். வலப்பக்கத்தில் 'சர்வாதிகார நாடுகள்' என்று தலைப்பிட்டு, ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் என எழுதுவோம். ருசியாவை எங்கே எழுதுவது என்று ஆண்டுதோறும் சற்றுத் தயங்கி, பிறகு இடப்பக்கத்தின் அடியில் எழுதிவிடுவோம். தேர்வுக்கு அது போதும்.

1984ஆம் ஆண்டு என்று நினைவு. கடைசி வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, இந்தியா எந்தப் பக்கம்?" என்றான். "இடப்பக்கம்" என்றோம். "அப்போது நமக்கு மக்களாட்சி இருந்ததா ஐயா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "என் தாத்தா மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தார். ஜப்பான்காரர்கள் ரயில்பாதை போடச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பவே இல்லை என்று பாட்டி சொல்லும். அவர் எந்தப் பக்கம் ஐயா?"

"இதெல்லாம் தேர்வில் வராது, உட்கார்" என்றோம். அவன் உட்கார்ந்தான். அந்த ஆண்டு முழுவதும் எம் வகுப்பில் அவன் வேறு கேள்வி கேட்கவே இல்லை.

அந்தக் கோடு முழுப் பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. நாசிக் கொடுமை கட்டுக்கதை அன்று. யூத மக்களுள் ஏறத்தாழ 60 இலட்சம் பேர் திட்டமிட்டுக் கொல்லப்பட்டனர். போலந்து நாடு நசுக்கப்பட்டது. அந்த ஆட்சி வீழ்ந்தாக வேண்டும் என்பதில் நேர்மையான நெஞ்சுக்கு ஐயம் இருக்க முடியாது. ஆயினும் போலந்தின்மீது 1939 செப்டம்பர் 1 அன்று மேற்கிலிருந்து பாய்ந்தவன் ஹிட்லர் என்றால், செப்டம்பர் 17 அன்று கிழக்கிலிருந்து பாய்ந்தது ஸ்டாலினின் படை. 1941 ஜூன் மாதத்தில் ஜெர்மனி ருசியாவையே தாக்கிய பிறகுதான் ருசியா நம் கரும்பலகையின் இடப்பக்கத்துக்கு வந்து சேர்ந்தது.

நம் நாட்டின் கதையோ இன்னும் கசப்பானது. 1939 செப்டம்பர் 3 அன்று பிரிட்டன் போரில் இறங்கிய அதே நாளில், இந்தியாவும் போரில் இருப்பதாக வைசிராய் லின்லித்கோ அறிவித்தார். இந்தியத் தலைவர்கள் எவரையும் அவர் கலந்துகொள்ளவில்லை. 1941 ஆகஸ்டில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் வெளியிட்ட அட்லாண்டிக் சாசனம், தமக்கு வேண்டிய ஆட்சியைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை எல்லா மக்களுக்கும் உண்டு என்றது. அடுத்த மாதமே, அது முதன்மையாக நாசிப் பிடியில் உள்ள ஐரோப்பிய நாடுகளைக் கருதிச் சொல்லப்பட்டது என்று சர்ச்சில் பாராளுமன்றத்தில் விளக்கம் தந்தார். ஆனாலும் 25 இலட்சம் இந்தியர் அந்தப் போரில் படைவீரர்களாகச் சேர்ந்தனர். ஏறத்தாழ 87,000 பேர் உயிர் நீத்தனர். பர்மிய அரிசி நின்றுபோன வங்காளத்தில், எதிரி கையில் சிக்கிவிடக் கூடாதென்று படகுகளையும் நெல்லையும் அரசே அப்புறப்படுத்தியது, விலை வானளாவியது. 1943இல் வந்த பஞ்சத்தில் 20 முதல் 30 இலட்சம் பேர் மடிந்தனர்.

பணி ஓய்வுக்குப் பின், அந்த மாணவன் கேட்ட கேள்வியை வைத்துக்கொண்டு நூல்களைப் புரட்டத் தொடங்கினோம். அப்போதுதான் ஆகஸ்டு 9 என்னும் நாள் மீண்டும் மீண்டும் எம் கண்ணில் பட்டது.

1942 ஆகஸ்டு 9. விடியற்காலையில் பம்பாயில் காந்தியடிகளும் காங்கிரசுத் தலைவர்களும் கைது செய்யப்பட்டார்கள். 'வெள்ளையனே வெளியேறு' என்று கேட்டதே அவர்கள் செய்த குற்றம். கைது செய்தது மக்களாட்சிக்காகப் போரிட்ட அரசு. அதே நாளில் போலந்தின் ஆஷ்விட்ஸ் முகாமில் எடித் ஸ்டெயின் என்னும் கர்மேல் சபைக் கன்னியர் நச்சுவாயு அறையில் உயிர் நீத்தார். யூதக் குடும்பத்தில் பிறந்து திருமுழுக்குப் பெற்றவர் அவர். ஹாலந்து ஆயர்கள் யூதர் நாடுகடத்தப்படுவதைக் கண்டித்து எழுதிய மடல் 1942 ஜூலை 26 அன்று கோயில்களில் வாசிக்கப்பட்டது. அதற்குப் பழிவாங்கலாகவே, கத்தோலிக்கரான யூதர்கள் ஒரு வாரத்துக்குள் பிடிக்கப்பட்டார்கள். 1998இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. ஆகஸ்டு 9 அவருடைய திருநாள்.

1943 ஆகஸ்டு 9. ஆஸ்திரிய நாட்டுச் சிற்றூர் ஒன்றின் உழவர் பிரான்சு யேகர்ஸ்டேட்டர், ஹிட்லரின் படையில் சேர்ந்து போரிட மாட்டேன் என்றதற்காகத் தலை வெட்டப்பட்டார். மனைவியையும் சிறுமியரான மூன்று மகள்களையும் எண்ணிப்பார்க்கும்படி பங்குக் குருவும் ஆயரும்கூட அவருக்கு எடுத்துச் சொன்னார்கள். அவர் மனச்சான்று அதற்கு இசையவில்லை. எம் கரும்பலகையில் அவர் நாடு வலப்பக்கம் இருந்தது. அவரை அந்தப் பக்கம் எழுத எந்தக் கைக்கு மனம் வரும்? 2007இல் அவர் அருளாளராக அறிவிக்கப்பட்டார்.

1945 ஆகஸ்டு 9. நாகசாகி. முதல் இலக்காகக் குறிக்கப்பட்டிருந்த நகரம் கொக்குரா. அதன் வானம் தெளிவாக இல்லாததால் வானூர்தி நாகசாகிக்குத் திரும்பியது. குண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் தொலைவில் உரக்காமி பேராலயம் இருந்தது. உரக்காமியில் வாழ்ந்த 12,000 கத்தோலிக்கருள் ஏறத்தாழ 8,500 பேர் மாண்டார்கள். குருக்கள் இன்றி, வேதகலாபனைக்கு அஞ்சி மறைவாக, ஏழெட்டுத் தலைமுறையாகச் செபத்தைக் காத்துவந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். குண்டை வீசியது இடப்பக்கத்து நாடு. வீசிய படைப்பிரிவின் ஆன்மகுரு ஜார்ஜ் சபெல்கா என்னும் கத்தோலிக்கக் குரு. அன்று வாய் திறவாமல் இருந்ததற்காகப் பின்னாளில் அவர் வெளிப்படையாக மனம் வருந்தினார். அதைப் படித்தபோது எமக்கு எம் வகுப்பறை நினைவுக்கு வந்தது.

அன்பர்களே, இன்னுமொரு செய்தி எம்மை உறங்கவிடவில்லை. 1933 மார்ச் 23 அன்று, சட்டம் இயற்றும் அதிகாரத்தை ஹிட்லரின் அரசுக்கே ஒப்படைக்கும் மசோதா ஜெர்மன் பாராளுமன்றத்தில் வாக்குக்கு வந்தது. எதிர்த்து வாக்களித்தவர்கள் 94 பேர். எல்லாரும் சமூக சனநாயகக் கட்சியினர். கம்யூனிஸ்டு உறுப்பினர்கள் ஏற்கெனவே சிறையிலோ தலைமறைவிலோ இருந்தார்கள். கத்தோலிக்கரின் கட்சியான மையக் கட்சி ஆதரித்து வாக்களித்தது. திருச்சபைக்குச் சில வாக்குறுதிகள் தரப்பட்டிருந்தன, அச்சமும் இருந்தது. ஒரு மக்களாட்சி தன்னைத் தானே வாக்களித்து முடித்துக்கொண்டபோது நம்மவர் கையும் தூக்கியிருந்தது. கோட்டை எல்லையில் மட்டும் இழுத்துப் பழகிய எமக்கு, அது நம் வீட்டுக்குள்ளும் நம் பங்குக்குள்ளும் ஓடக்கூடும் என்பது அன்றுதான் உறைத்தது.

2022 பிப்ரவரியில் ருசியப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்ததிலிருந்து, உலகம் மறுபடியும் மக்களாட்சிகளின் அணியாகவும் சர்வாதிகாரங்களின் அணியாகவும் பிரிகிறது என்ற பேச்சு எழுந்துள்ளது. அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நீதி ஆகாது. தீமையைத் தீமை என்று பெயர் சொல்லி அழைக்கத்தான் வேண்டும். ஆனால் நம் பக்கம் நல்ல பக்கம் என்று தீர்ந்துவிட்டால், நாம் செய்வது எல்லாம் நல்லதே என்று தோன்றத் தொடங்கிவிடுகிறது. வங்காளத்துப் படகுகளும் உரக்காமி பேராலயமும் அந்த எண்ணத்துக்குப் பலியானவை. மக்களாட்சி என்பது நாட்டின் தலைப்பில் எழுதிவைக்கும் பட்டம் அன்று. கடைசி வரிசையில் இருப்பவன் கேள்வி கேட்கும்போது, கேட்கப் பொறுமை இருக்கிறதா என்பதே அதன் அளவுகோல். எம் சிறிய வகுப்பறையில் ஒரு நாள் நாமே சர்வாதிகாரியாக இருந்தோம்.

அவன் தாத்தா நடந்த பாதையைப் பற்றியும் படித்தோம். சயாமையும் பர்மாவையும் இணைத்த அந்தப் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் அது முடிந்தது. அதில் உழைத்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கும் மேற்பட்டோர். 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளரோ ஏறத்தாழ 2 இலட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கூலி ஆசை காட்டியும், பிறகு வலிந்து பிடித்தும் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களுள் மிகப் பலர். வாந்திபேதியும் பட்டினியும் அவர்களை வாரிக்கொண்டன. மருத்துவர் இல்லை, பெயர்ப் பதிவு இல்லை. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் ஏறத்தாழ 7,000, வரிசை வரிசையாக உள்ளன. பன்மடங்கு அதிகமாக மடிந்த தொழிலாளருக்கு அப்படி வரிசைகள் இல்லை.

இன்று அந்த மாணவன் எழுந்து கேட்டால் நாம் சொல்லக்கூடிய விடை இதுதான்: "தம்பி, உன் தாத்தா எந்தப் பக்கமும் இல்லை. இரண்டு பக்கத்தாரும் அவரைக் கணக்கில் எழுதவில்லை. எழுதாமல் விட்டவர்களுள் உன் ஆசிரியரும் ஒருவர்."

உபதேசியார் நாம் சொன்னபடியே எழுதிக்கொண்டார். மறுநாள் திருப்பலியில் குருவானவர் புனித எடித் ஸ்டெயினை நினைவுகூர்ந்தபின், சயாம் ரயில்பாதையில் இறந்த ஒரு தோட்டத் தொழிலாளிக்காக என்று வாசித்தார். முன்வரிசையில் இருந்த சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பெயரை அவருடைய பேரன் அன்று சொல்லியிருப்பான். நாம் கேட்கவில்லை.

அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று பழைய மாணவர் சிலரிடம் விசாரித்து வருகிறோம். கிடைத்தால், இந்த ஆண்டு ஆகஸ்டு 9க்குள் குறிப்பேட்டில் பெயரை எழுதிவிடலாம்.