இரண்டாவது புத்தகம்

தாத்தா தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தார். கடனுக்குச் சாமான் வாங்குகிறவர்களுக்கு ஆளுக்கு இரண்டு 555 புத்தகம். ஒன்று கடையில், ஒன்று வாங்கினவர் கையில். சாமான் கொடுத்ததும் இரண்டிலும் எழுதிவிடுவார். இரவு கடையைச் சாத்திய பிறகுதான் அது பேரேட்டில் ஏறும். "எதுக்கு தாத்தா ரெண்டு?" என்று கேட்டிருக்கிறேன். "ஒன்னு தொலைஞ்சா?" என்பார். அவ்வளவுதான்.

நான் பார்க்கும் வேலையிலும் இதே கதைதான். கிள்ளானில் ஒரு சரக்குக் கிடங்குக்கு இசட்எஃப்எஸ் சர்வர் அமைத்துக் கொடுத்தேன். தகவலெல்லாம் பல ஹார்ட் டிஸ்க் சேர்ந்த பூலில் இருக்கும். "எழுதியாச்சா?" என்று உடனே பதில் கேட்கும் மென்பொருளுக்காக, சர்வர் முதலில் வேகமான ஓர் எஸ்எஸ்டியில் குறித்துக்கொண்டு "ஆச்சு" என்று சொல்லிவிடும். அந்த எஸ்எஸ்டிதான் லாக். மெமரியில் இருக்கும் அதே தகவல் வழக்கமாக 5 வினாடிக்குள் பூலுக்குப் போய்விடும். லாக்கில் எழுதிக்கொண்டே இருக்கும். அதைப் படிப்பது சர்வர் திடீரென்று விழுந்து எழுந்த பிறகு மட்டும்தான்.

"லாக் செத்தாலும் மெமரியில இருக்கும் பாஸ், ஒன்னு போதும்" என்று முதலாளியிடம் சொன்னது நான்தான். அது பொய்யில்லை. லாக் மட்டும் போனால் எதுவும் தொலையாது. சர்வர் பூலிலேயே குறித்துக்கொள்ளும். லாக்கும் மெமரியும் ஒரே நேரத்தில் போகும் என்று நான் நினைக்கவில்லை.

ஒரு மாலை இடி இடித்தது. யூபிஎஸ் பேட்டரி பழசு. சர்வர் அணைந்தது. கரண்ட் வந்தபோது லாக் எஸ்எஸ்டியைக் காணோம். பூல் திறக்க மறுத்தது. லாக் இல்லாமலே திற என்று கட்டளை கொடுத்துத் திறந்தேன். "ஒன்னும் போகல பாஸ்" என்றேன்.

மறுநாள் ஒரு டெலிவரி ஆர்டரைக் காணோம். "நான் சேவ் பண்ணேன் தம்பி, ஸ்கிரீன்லயே வந்துச்சு" என்றார் கணக்குப் பார்க்கும் அக்கா. யாரும் நம்பவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துதான் சொன்னேன். அக்கா சேவ் பண்ணினார். சர்வரும் "ஆச்சு" என்றது. அந்தக் கடைசிச் சில வினாடிகள் பூலுக்குப் போய்ச் சேரவில்லை. ஒரே லாக் போதும் என்றது நான். முதலாளி திட்டினார். அக்கா ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

இப்போது இரண்டு எஸ்எஸ்டி, மிரர். கரண்ட் போனாலும் கையில் இருப்பதை எழுதி முடிக்க கெப்பாசிட்டர் உள்ள ரகம். சில வினாடி எழுத்தைத் தாங்கினால் போதும். எங்கள் ஒரு கிகாபிட் நெட்வொர்க்குக்கு 16 ஜிபியே தாராளம். யூபிஎஸ் பேட்டரியையும் மாற்றியாயிற்று.

ஆனாலும் தாத்தா அளவுக்கு வரவில்லை. அவர் இரண்டாவது புத்தகத்தை வாங்கினவர் கையிலேயே கொடுத்திருந்தார். அக்காவிடம் இருந்தது ஸ்கிரீன் சொன்ன ஒரு வார்த்தை மட்டும்தான்.