வாப்பாவின் மொரிஸ் மைனரும் எரியாத பிரேக் லைட்டும்

பதிவு கொஞ்சம் நீளம். ஆனாலும் நோட்டன் பிரிட்ஜ் ஆட்கள் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். போன மாதம் டவுனுக்கு மேலே வளைவில் நடந்த விபத்தைப் பற்றி ஊரில் பேசிக்கொண்டது பாதி உண்மைதான். மறுபாதி என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் காரைத் தெரியாதவர்கள் இங்கே குறைவு. 1965ஆம் ஆண்டு மொரிஸ் மைனர். நம்ம ஊர் விமலசுரேந்திர மின்நிலையமும் அதே 1965தான். இரண்டுக்கும் ஒரே வயது என்று வாப்பா சொல்லிச் சிரிப்பார். தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது வாப்பா வாங்கியது. இங்கிலாந்தில் 1948இல் வெளிவந்த இந்த வகைக் காரின் தயாரிப்பு 1971இல் நின்றுவிட்டது. நம் நாட்டில் மட்டும் அது நிற்கவே இல்லை என்றுதான் சொல்லவேண்டும். புதுக் கார் இறக்க முடியாத காலத்தில் நம்ம பாஸ்மார் தகரத்தையும் பித்தளையையும் தட்டித்தட்டியே இவற்றை ஓடவைத்தார்கள். பிற்காலத்தில் இங்கேயே பாகம் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிய கதையும் உண்டு. வாப்பா மௌத்தான பிறகு கார் என் கைக்கு வந்தது. மழை நாளில் வழியில் நிற்கும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பாடசாலைக்குப் போகும் கார் அது.

விபத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்னால் ஒரு பஸ் கொண்டக்டர் ஜன்னலால் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "சேர், பின்னால பிரேக் லைட் எரியுதில்ல." "சரி தம்பி, பார்க்கிறேன்" என்றேன். பார்க்கவில்லை. கடைக்குப் போகவேண்டும், வினாத்தாள் திருத்தவேண்டும், மழை விடட்டும் என்று ஒவ்வொரு நாளும் ஒரு சாட்டு இருந்தது.

அன்றைக்கு ஹட்டன் பக்கமிருந்து இறங்கி வருகிறேன். அந்திநேரம், தூறல், மூட்டம். சிவனொளிபாதமலை சீசன் என்பதால் வழியெல்லாம் வான்கள். வளைவில் ஒரு வான் நடு ரோட்டில் நின்றுவிட்டது. நான் பிரேக்கை அமத்தினேன். கார் நின்றது. பின்னால் வந்த த்ரீவீலர் என் பம்பரில் இடித்து, வெட்டித் திருப்பி, கானுக்குள் விழுந்தது. ஓட்டி வந்தவர் என்னிடம் படிக்கும் பதினோராம் தரப் பையனின் தகப்பன். இடது மணிக்கட்டு முறிவு.

கூடிய சனம் சொன்னது உங்களுக்கே தெரியும். "ஒட்டிக்கிட்டு வந்தா இப்படித்தான்." "பின்னால இடிச்சவன்தான் பிழை." அவரும் கையைப் பிடித்துக்கொண்டே, "விடுங்க சேர், என் பிழைதான்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். செலவுக்கு ஐயாயிரம் ரூபாய் கொடுத்தேன். "சேர் தங்கமான மனுசன்" என்றார்கள். அதையும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

நான் படிப்பிப்பது விஞ்ஞானம். அடுத்த கிழமை பாடம் மின்சுற்று. "விளக்கு எரியாவிட்டால் எங்கிருந்து தேடத் தொடங்குவீர்கள்?" என்று வகுப்பில் கேட்டேன். அந்தப் பையன் ஒன்றும் சொல்லவில்லை. மணி அடித்து மற்றவர்கள் போன பிறகு மேசைக்குப் பக்கத்தில் வந்தான்.

"சேர், ரெண்டு பல்பும் ஒண்ணா எரியாட்டி, பழுது ரெண்டுக்கும் பொதுவான இடத்துலதானே சேர் இருக்கும்?"

"ஓம். ஏன் கேக்கிற?"

"சேரோட கார்ல ரெண்டுமே எரியலன்னு அப்பா சொன்னார். நான் பார்க்கட்டுமா சேர்?"

தகப்பனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் அத்தனை பேர் முன்னால் தன் பிழை என்று சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமை பையன் வந்தான். பழைய பல்ப் ஹோல்டரில் இரண்டு வயரைப் பிணைத்துச் செய்த சோதனை விளக்கு ஒன்று, உப்புத்தாள் ஒரு துண்டு. அவ்வளவுதான் சாமான். என்ன செய்தோம் என்பதை விவரமாகவே எழுதுகிறேன். பழைய கார் வைத்திருக்கும் யாருக்காவது உதவும்.

முதலில் சாவியைத் திருப்பினோம். இந்தக் காரில் சாவி போட்டால்தான் பிரேக் லைட்டுக்கு மின்சாரம் வரும். வைப்பர் ஆடியது, பெட்ரோல் மீட்டர் முள் ஏறியது. அவற்றுக்கும் பிரேக் லைட்டுக்கும் ஒரே பியூஸ். ஆகவே பியூஸ் நல்லது. அடுத்தது பல்ப். ஒரே பல்புக்குள் இரண்டு இழை இருக்கும். இரவில் எரிவது 5 வாட், பிரேக் பிடித்தால் எரிவது 21 வாட். கழற்றிப் பார்த்தோம். இரண்டு பக்கத்திலும் இழை முழுசாக இருந்தது.

பிறகு சுவிட்ச். இப்போதைய வாகனங்களில் அது பெடலோடு இருக்கும். மைனரில் பிரேக் குழாயிலேயே திருகியிருக்கும். பெடலை அமத்தும்போது எண்ணெயின் அழுத்தம் உள்ளே இரண்டு முனைகளைச் சேர்த்துவிடும். பையன் அதன் இரண்டு வயரையும் கழற்றி ஒன்றோடொன்று தொடுத்தான். வலது பக்கம் பளிச்சென்று எரிந்தது. சுவிட்ச்தான் செத்திருக்கிறது.

ஆனால் இடது பக்கம் மின்மினி மாதிரி மினுங்கியதே தவிர எரியவில்லை. அங்கே இன்னொரு பழுது. "எர்த்தா இருக்கும் சேர்" என்றான். விளக்கின் உலோக உடம்பிலிருந்து ஒரு வயரை எடுத்து, சுரண்டிய சுத்தமான தகரத்தில் வைத்தான். உடனே எரிந்தது. விளக்கைப் பூட்டியிருந்த இடமெல்லாம் துரு. நம்ம ஊர் மழைக்குக் கேட்கவா வேண்டும். 5 வாட்டுக்குத் தேவையான மின்னோட்டம் அரை அம்பியருக்கும் குறைவு. அதைத் துரு விட்டுவிடும். 21 வாட்டுக்கு ஒன்றே முக்கால் அம்பியர் வேண்டும். அதற்குத் துரு வழிவிடாது. அதனால்தான் இரவு விளக்கு எரிவதைப் பார்த்து எல்லாம் சரி என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். இடது பக்கம் எத்தனை மாதமாக அப்படி இருந்ததோ தெரியாது. வலது பக்கம் எரிந்துகொண்டிருந்ததால் ஒருவருக்கும் விளங்கவில்லை.

இடையில் பையன் பெட்டரியைப் பார்த்துத் திகைத்தான். "சேர், இதுல பிளஸ்தான் பொடியில பூட்டியிருக்கு!" அந்தக் காலத்து மைனர் அப்படித்தான் என்றேன். அன்று நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான்.

புது சுவிட்ச் ஹட்டனிலிருந்து வந்தது. அதை ஒரு பாஸ்தான் பூட்டினார். பழையதைக் கழற்றினால் பிரேக் எண்ணெய் ஒழுகும், காற்றுப் புகும். பிறகு காற்றை எடுக்காமல் ஓட்டக்கூடாது. அது நாமாகச் செய்து பார்க்கும் வேலை அல்ல.

அன்று பின்னேரம் அவர்களுடைய லயத்துக்குப் போனேன். கையில் கட்டோடு திண்ணையில் இருந்தார். "லைட் எரியுதா சேர்?" இதுதான் முதல் கேள்வி. "எரியுது" என்றேன். "அன்னைக்கே ஏன் சொல்லல்ல? பிழை என்னுடையதுதானே?"

"புள்ளைக்குப் படிச்சுக் குடுக்கிற சேர நடு ரோட்டுல வச்சு எப்பிடிங்க சொல்றது?"

பாதையில் கிடக்கும் கல்லையும் முள்ளையும் எடுத்துப் போடுவதும் ஈமானில் சேர்ந்தது என்று சின்ன வயதில் மத்ரஸாவில் படித்தவன் நான். கல்லை எடுத்துப் போடவேண்டியவன் இரண்டு கிழமையாக நானே ஒரு கல்லாக ரோட்டில் ஓடியிருக்கிறேன். த்ரீவீலர் திருத்திய செலவையும், கை சுகமாகும்வரை போகும் நாட்கூலியையும் நான் பொறுப்பெடுத்தேன். நாட்கூலியை வாங்க மறுத்தார். அவருடைய மனைவி வாங்கிக்கொண்டார். அதற்கு அவருக்கு என் நன்றி. சீசன் நேரத்தில்தான் நாலு காசு பார்க்கும் குடும்பம் அது.

இதை முகநூலில் எழுதட்டுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னார்: "என் பேரப் போட வேணாம் சேர். நான் இடைவெளி விட்டுத்தான் வந்தேன்னு மட்டும் போடுங்க."

போட்டுவிட்டேன். அவர் இடைவெளி விட்டுத்தான் வந்தார். பிழை என்னுடையது. அன்றைக்கு அவரைக் குறை சொன்னவர்கள் அடுத்த முறை கண்டால் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லுங்கள்.

இனி எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். இன்றிரவே உங்கள் வாகனத்தின் பிரேக் லைட்டைப் பாருங்கள். துணைக்கு ஆள் இல்லாவிட்டால் சுவரோடு அல்லது மூடிய கடைக் கதவோடு பின்பக்கத்தை வைத்து நிறுத்தி, பெடலை அமத்தி, கண்ணாடியில் வெளிச்சத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு தெரியவேண்டும். பழைய கார் என்றால் மெதுவாக அமத்தியும் பாருங்கள். சுவிட்ச் சாகுமுன் காட்டும் அடையாளம், பலமாக அமத்தினால் மட்டும் எரிவதுதான். இன்னொன்றும் சொல்லவேண்டும். நம்ம இறக்கங்களில் கியரைக் குறைத்து எஞ்சினிலேயே வேகத்தைப் பிடிக்கிறோம். அது நல்ல பழக்கம்தான். ஆனால் அப்போது பிரேக் லைட் எரியாது. வளைவுக்கு முன்னால் பெடலை ஒரு தட்டுத் தட்டினால் பின்னால் வருகிறவருக்கு விளங்கும்.

முன்னால் இருக்கிற விளக்கு நமக்காக. பின்னால் இருக்கிற விளக்கு நமக்குத் தெரியாத ஒருவருக்காக. அது எரிகிறதா என்று நம் இருக்கையிலிருந்து தெரியாது. யாராவது சொன்னால் அன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த பஸ் கொண்டக்டர் தம்பி இதை வாசித்தால், என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பையன் இந்த வருடம் சாதாரண தரம் எழுதுகிறான். துஆ செய்யுங்கள்.