சூரியன் இறங்கும் நேரத்தில் என்ன பாட்டு போடுவது?

ஸ்பெயினின் இபிசா தீவு. ஜூன் மாதத்தில் இங்கே சூரியன் மறைய இரவு 9.20 ஆகிவிடும். ஆனால், சான் அன்டோனியோ ஊரின் மேற்குக் கரைப் பாறைகளில் எட்டு மணிக்கே இடம்பிடிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். காதல் ஜோடிகள், குழந்தைகளோடு வந்த குடும்பங்கள், குளித்துவிட்டு ஈரத் துண்டோடு உட்கார்ந்தவர்கள்... எல்லோர் முகமும் கடலைப் பார்த்து. அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது 'கஃபே டெல் மார்'. 'கடல் கஃபே' என்று அர்த்தம். 1980-ல் திறந்த பார்.

கடற்கரை பார்களுக்கு உலகில் பஞ்சமில்லை. இந்த பாரில் அலங்காரமே அஸ்தமனம்தான். அதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள் என்று யாரிடமும் கேட்க முடியாது. ஜூனில் 9.20-க்கு மறையும் சூரியன், செப்டம்பர் கடைசியில் எட்டு மணிக்கே மறைந்துவிடும். பாட்டுதான் அதன் பின்னால் ஓட வேண்டும்.

ஓடக் கற்றுக்கொடுத்தவர் ஹோஸே படியா. 1970-களின் நடுவில் தீவுக்கு வந்தவர். பிடித்த பாடல்களைக் கோத்து கேசட்டாக்கி ஹிப்பி சந்தையில் விற்ற டி.ஜே. 1991-ல் இந்த பாரின் இசை அவர் கைக்கு வந்தது. இபிசா என்றாலே விடிய விடிய அதிரும் டான்ஸ் கிளப்புகள்தான் என்றிருந்த காலம். இவரோ சினிமா பின்னணி இசை, ஃபிளமென்கோ கிடார், ஜாஸ் என்று எதையும் விடவில்லை. எந்த வகை என்பதல்ல, அந்த வெளிச்சத்துக்குப் பொருந்துகிறதா என்பதுதான் கணக்கு.

1994-ல் வந்த முதல் தொகுப்பைக் கேட்டால் இது புரியும். 'ஸ்மோக்பெல்ச்' என்ற டான்ஸ் பாட்டு அதில் இருக்கிறது. ஆனால், தாளத்தை உருவிவிட்ட வடிவத்தில். பக்கத்திலேயே ஓர் ஆர்மோனிய இசை! ஜப்பானின் கியோட்டோ தெருவில் யாரோ தூக்கிப்போட்ட ஆர்மோனியத்தைக் கண்டெடுத்த சைமன் ஜெஃப்ஸ் உருவாக்கியது. நாடகக் கொட்டகையில் ஆர்மோனியம் கேட்டு வளர்ந்த நம்மவர்களுக்கு, அது மதுக்கோப்பைகளுக்கு நடுவே ஒலிப்பது வேடிக்கையாக இருக்கலாம். அந்தி வெளிச்சத்தில் உறுத்தவே உறுத்தாது.

இதில் பெரிய சோதனை பாட்டைத் தேர்ந்தெடுப்பதுகூட இல்லை, சத்தம்தான். கொஞ்சம் கூட்டினால் அலையோசை காணாமல் போய்விடும். ரொம்பக் குறைத்தால் பக்கத்து மேசை அரட்டைதான் கேட்கும். ஆள் பாடும் வரிகள் அதிகமானால் கண் கடலை விட்டுவிடும். சூரியன் தொடுவானத்தைத் தொடும் அந்தச் சில நிமிடங்களில் தப்பான பாட்டு விழுந்தால், திருத்த நாளைக்குத்தான் முடியும். ஒரே ஒரு மாலைக்காக வந்தவருக்கு அந்த நாளையும் கிடையாது.

முதல் ஆறு தொகுப்புகளைத் தேர்ந்தெடுத்தவர் படியா. அதன் பிறகும் தொடர் வளர்ந்து 20 தொகுப்புகளைத் தாண்டியது. இன்று இதே பாணி இசை ஹோட்டல் வரவேற்பறைகளிலும் மசாஜ் நிலையங்களிலும் ஓடுகிறது. ஜன்னலே இல்லாத அறையில் அஸ்தமன இசை! படியா 2020-ல் காலமானார்.

பாறைகளில் இப்போது பேச்சு குறைகிறது. ஆரஞ்சு வட்டம் பாதியாகிறது, கீற்றாகிறது, மறைகிறது. கூட்டம் கைதட்டுகிறது, சூரியனுக்குத்தான்! தட்டல் ஓய்ந்ததும் ஸ்பீக்கரில் மெல்ல ஒரு தாளம் சேர்கிறது. இளசுகள் எழுந்து மணலைத் தட்டிவிட்டுக் கிளப்புகளை நோக்கி நடக்கிறார்கள்.